ரைலன் ஹூபருக்குக் குரல் வந்த குளிர்காலம்

புனித ஓலாவ் தேவாலயத்தின் நிலவறையில், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் காபி பிடித்துக் குடிக்கும் அந்தப் பெரிய அலுமினியப் பானைமேல் கைவைத்துச் சொல்வது: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. குறைத்துச் சொன்னது இரண்டு மூன்று இடத்தில் உண்டு. கேட்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்கிற நல்லெண்ணத்தில் செய்தது அது. சத்தியம் செய்யும்போது பானை கொதித்துக்கொண்டிருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரைலன் ஹூபர் லார்சன்போர்ட்டில் வந்து இறங்கியபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கான்சாஸில் கோதுமை வயல்களுக்கு நடுவே வளர்ந்தவன். நம் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி ஸ்டர்ஜன்ஸ் அவனைக் கல்லூரியிலிருந்து நேரே எடுத்ததற்கு ஒரே காரணம், அவன் வலது கை. ஆகஸ்ட் பயிற்சி முகாமின் முதல் நாள் ஒரு பந்தை மேல்நோக்கி எறிந்தான். அது இறங்கி வர நேரம் பிடித்ததால் எல்லாரையும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார் கோச். திரும்பி வந்தபோது பந்து வந்துகொண்டிருந்தது. மேலெல்லாம் பனி பூத்திருந்தது. கூடவே ஒரு காட்டு வாத்தும் விழுந்தது. வாத்தைச் சமையற்கூடத்தில் கொடுத்தார்கள். பந்தைப் பிடித்தவன் இன்றைக்கும் இடது கையால்தான் பியர் கோப்பையைத் தூக்குகிறான்.

கையைப் பார்த்து எடுத்தவர்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. வினை அங்கேதான்.

குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிகிறவன் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எறிவது அப்புறம். முதலில் அவன் குரல் கொடுக்க வேண்டும். அவனுக்கு முன்னால் ஐந்து மலைகள் குனிந்து நிற்கும். நடு மலைக்கு சென்டர் என்று பெயர். பந்து அவன் கைக்கடியில் தரையில் கிடக்கும். குவார்ட்டர்பேக் "ஹட்" என்று சொன்ன பிறகுதான் சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பான், மலைகள் எழுந்து மோதும். முதல் ஹட்டிலா இரண்டாவது ஹட்டிலா என்பது நம் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அதற்கு முன்னால் நம்மவன் ஒருவன் அசைந்தாலும் நடுவர் பந்தை ஐந்து கஜம் பின்னால் வைத்துவிடுவார். எதிராளி ஏமாந்து முந்திப் பாய்ந்தால் நமக்கு ஐந்து கஜம் சும்மா கிடைக்கும். ஆக, இருபத்தொரு தடியன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தொண்டையைப் பார்த்துக் காத்திருக்கிற ஆட்டம் இது.

ரைலனுடைய தொண்டை, நூலகத்தில் பக்கத்து மேசைக்காரனிடம் பென்சில் கேட்கிற தொண்டை.

செப்டம்பர் கடைசியில் முதல் குவார்ட்டர்பேக்குக்குத் தோளெலும்பு முறிந்தது. ஆட்டத்தில் இல்லை, புது சோபாவை மாடிக்கு ஏற்றும்போது. அடுத்த ஞாயிறு ரைலன் இறங்கினான். பந்து எதிராளியின் எல்லைக்கோட்டுக்கு வெகு பக்கத்தில் இருந்தது; அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. ரைலன் குரல் கொடுத்தான். ஐந்து மலைகளும் ஐந்து வெவ்வேறு நேரத்தில் எழுந்தன. ஐந்து கஜம் பின்னால். மறுபடி குரல் கொடுத்தான். மறுபடி பின்னால். இப்படியே அவன் கூப்பிடக் கூப்பிடப் பந்து நம் எல்லைக்கே திரும்பி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கூப்பிட்டிருந்தால், வாகன நிறுத்தத்தில் பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர்களும் ஆட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டியதுதான்.

சென்டர் பீட் ஸ்வபோடா குனிந்த நிலையிலேயே, தன் கால்களுக்கிடையே தலைகீழாக அவனைப் பார்த்தான். பதினான்கு வருடமாக உலகத்தை அந்தக் கோணத்தில் பார்த்துப் பழகியவன்.

"டேய் பொடியா, இப்ப நீ ஹட்னு சொன்னியா, தும்முனியா?"

"சொன்னேன் பீட்."

"எப்போ?"

"இப்பதான். ரெண்டு தடவை."

"எனக்கு ஒண்ணுகூட வந்து சேரலையே. தபால்ல போட்டியா?"

திங்கட்கிழமை காலை கோச் ஹால்வர்சன் கூப்பிட்டு அனுப்பினார். ஹால்வர்சன் ஒருமுறை சிரித்ததை அவர் மனைவி பார்த்திருப்பதாகச் சொல்வார்கள். வேறு சாட்சி கிடையாது.

"உக்காரு தம்பி. ஃப்ளோரிடாவுல ஒருத்தன் வேலையில்லாம இருக்கான். முப்பத்தஞ்சு வயசு. கை போச்சு, முழங்கால் போச்சு. ஆனா அவன் கத்துனா முதலை ஒதுங்கி வழி விடுது."

"சரி கோச்."

"கடைசி மேட்ச் பெல்மாண்ட்காரனோட. அது வரைக்கும் உனக்கு டைம் தரேன். உன் குரலால எனக்கு மேட்ச் ஜெயிச்சுக் காட்டணும், அந்தக் கடைசி மேட்ச்சையும் சேர்த்து. இல்லன்னா அவன் வருவான், நீ கான்சாஸ் போவ. புரியுதா?"

"புரியுது கோச்."

"என்ன சொன்ன?"

"புரியுதுன்னு சொன்னேன் கோச்."

"பாத்தியா. மேசைக்கு இந்தப் பக்கமே வந்து சேரல."

கான்சாஸில் ரைலனுக்காக அவன் மாமாவின் தானியக் கிடங்கில் ஒரு வேலை காத்திருந்தது. நாள் முழுக்கத் தூசியில் நின்று லாரியை முன்னால் வா, பின்னால் போ என்று சொல்கிற வேலை. அதற்கும் குரல் வேண்டும்.

அணி நிர்வாகம் ஒரு பாட்டு வாத்தியாரை வரவழைத்தது. அவர் ரைலனை ஒரு வாரம் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றில் புத்தகம் அடுக்கினார். வயிறு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

ரைலனிடம் இன்னொரு குணம் இருந்தது. சொன்னதைச் செய்வான், சொன்னபடியே செய்வான். "ஓடு" என்று சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்ல மறந்துபோன உதவிப் பயிற்சியாளர் ஒருவர், அவனை அடுத்த மாவட்டத்திலிருந்து காரில் கூட்டி வந்திருக்கிறார். ஆகவே, உடைமாற்றும் அறையில் பீட் ஸ்வபோடா கிண்டலாக ஒன்று சொன்னபோது, சிரிக்காதவன் ரைலன் மட்டும்தான்.

"நீ ஏரிக்குப் போடா. மீன்கிட்ட கத்திப் பழகு. மீனுக்குக் கேட்டா அப்புறம் எங்ககிட்ட வா."

"எந்த மீன்கிட்ட?"

"பெர்ச்சுகிட்ட," என்றான் பீட், முகம் மாறாமல்.

அந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது. அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு முன்பே ஏரி உறைந்து இறுகிவிட்டது. பண்டிகைப் பூசணிக்காயைக் கோடாலியால் செதுக்க வேண்டியிருந்தது. பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் தங்கள் மரக்குடிசைகளை டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஏரி நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய் காலை ரைலன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பனியில் தோண்டிய ஓட்டைக்குள் குனிந்து "ஹட்" என்றான்.

ஒரு பெர்ச் வந்து எட்டிப் பார்த்தது. அவன் சொல்லி முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு போய்விட்டது.

வாளியில் உட்கார்ந்தால் குரல் வாளிக்குள்ளேயே போகிறது என்று அவனுக்குப் பட்டது. எழுந்து, பீட்டுக்குப் பின்னால் நிற்பதுபோலவே காலை அகட்டி, முழங்காலை மடக்கி நின்றான். இப்போது குரல் தொண்டையிலிருந்து கிளம்பாமல் பாதத்திலிருந்து கிளம்பியது. பனிக்கட்டி அதை வாங்கிக்கொண்டுபோய் அக்கரையில் போட்டது. அக்கரையில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் விரலைத் தவறவிட்டதற்கு, அதாவது விரல் தப்பியதற்கு, ரைலன்தான் காரணம். சத்தத்தில் கோடாலி கையிலிருந்து எகிறிவிட்டது.

மூன்றாவது செவ்வாய் மீன் குதித்தது. ஓட்டையிலிருந்து செங்குத்தாக வந்து பனிமேல் விழுந்து துள்ளியது. ரைலன் அதை எடுத்து உள்ளே விட்டான். மறுபடி சொன்னான், வேறொன்று குதித்தது. அப்போது அவன் ஒன்றைக் கவனித்தான். உரக்கச் சொன்னால் மட்டும் குதிப்பதில்லை. முதல் ஹட்டை அலட்சியமாகச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, இரண்டாவது வரப்போகிறது என்று காட்டி, வராமல் வைத்திருந்தால், அவசரக்கார மீன்கள் தாங்க முடியாமல் குதித்தன. இழுத்துச் சொன்னால் பெரியவை. வெடுக்கென்று சொன்னால் சின்னவை. மதியத்துக்குள் அவனைச் சுற்றிலும் குடிசைக்காரர்கள் வாளிகளோடு நின்றிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஊரில் எந்த உணவு விடுதியிலும் வறுத்த மீனுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை மீன் கத்தோலிக்கர் வழக்கம் என்றாலும், லூத்தரன் சபைக்காரர்கள்கூட இரண்டாம் தட்டு வாங்கினார்கள்.

சேதி பரவி, மீன்துறை அதிகாரி லொரெய்ன் பிட்னர் பனிவண்டியில் வந்து சேர்ந்தார்.

"தம்பி, லைசென்ஸ் இருக்கா?"

"நான் மீன் பிடிக்கல மேடம். பேசிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"பெர்ச்சுகிட்ட."

லொரெய்ன் பிட்னர் பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, கையுறையைக் கழற்றி, விரலை ஊதி ஊதிப் புரட்டினார். தூண்டில் இருந்தது. வலை இருந்தது. ஈட்டி, வெடி, மின்சாரம் எல்லாம் இருந்தன. பேச்சு இல்லை.

"சரி, அப்படி என்னதான் சொல்ற? ஒரு தடவை சொல்லு, கேக்குறேன்."

ரைலன் சொன்னான். முதல் ஹட்டுக்கு லொரெய்ன் பிட்னர் அசையவில்லை. இருபது வருட சர்வீஸ். இரண்டாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தாங்க முடியாமல் இருந்த இடத்திலிருந்து பாய்ந்து பனிவண்டியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தார். எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஆளுக்கு இருபத்தஞ்சு பெர்ச். அதுக்கு மேல யாராவது எடுத்தீங்கன்னா எழுதிடுவேன்."

நவம்பரிலிருந்து கதை வேறு. ரைலன் நின்று ஹட் என்றால் எதிரணி மொத்தமும் பாய்ந்தது. ஐந்து ஐந்து கஜமாக ஸ்டர்ஜன்ஸ் ஊர்வலம் போனது. ஒரு ஞாயிறு அவன் பந்தை எறியவே இல்லை. எதிரணி தானாகப் பாய்ந்து பாய்ந்து நம்மைக் கோட்டருகே கொண்டுபோய் விட்டது. தேவாலயத்தில் அவன் "ஆமென்" சொல்லக் கூடாது என்று போதகர் தனியாகக் கேட்டுக்கொண்டார். முதல் ஞாயிறு சபை மொத்தமும் எழுந்துவிட்டிருந்தது, பாட்டு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பீட் ஸ்வபோடா இப்போது அவனைப் பொடியா என்று கூப்பிடவில்லை. "டேய் ரேடியோ" என்று கூப்பிட்டான்.

கோச் மட்டும் "கடைசி மேட்ச்சையும் பாப்போம்" என்றார்.

பெல்மாண்ட் ஹாமர்ஸ் முட்டாள்கள் இல்லை. ரைலனின் குரலைப் பதிவுசெய்து, பயிற்சி மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்து, ஒரு வாரம் முழுக்க அதைப் போட்டுக் கேட்டார்கள். அசைந்தவனுக்குச் சாப்பாடு கிடையாது. டோரன்ஸ் மக்வே என்று அவர்களுக்கு ஒரு ஆள்; வாசலில் நுழைய வேண்டுமென்றால் முதலில் வாசலிடம் அனுமதி கேட்க வேண்டிய உடம்பு. அவன் முதல் இரண்டு நாள் பட்டினி கிடந்தான். வியாழக்கிழமைக்குள் காதருகே பீரங்கி வைத்தாலும் அசையாத கல்லாகிவிட்டான்.

அதே வியாழக்கிழமை ரைலனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏரிப் பனியில் செவ்வாய் செவ்வாயாக நின்றதன் கூலி. ஞாயிறு காலை வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. பழைய பென்சில் குரல்கூட இல்லை.

"ஏதாவது பேசு," என்றார் ஹால்வர்சன்.

ரைலன் பேசினான். கோச் அவன் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும். காலைத் தூக்கிக் காட்டி ஆடுவோம். ஃப்ளோரிடாக்காரன் வந்துட்டான், மேல உக்காந்திருக்கான். நாளைக்குக் கையெழுத்து. உன்மேல கோவம் இல்ல தம்பி."

அரங்கின் மேல் வரிசையில் ஒருவன் ஆரஞ்சு நிறத்தில் மூன்று கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது ரைலனுக்கும் தெரிந்தது. அந்தக் குளிரில் அவன் ஒருவன்தான் சூடான பியர் கேட்டான்.

குரலில்லாமலும் ஆட ஒரு வழி உண்டு. குவார்ட்டர்பேக் காலைத் தூக்குவான். பக்கத்து ஆள் சென்டரைத் தட்டுவான். சென்டர் மனதுக்குள் எண்ணிப் பந்தைக் கொடுப்பான். அப்படியே இழுத்துப் பிடித்து ஆடினார்கள். கடைசியில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தபோது, ரைலன் எறிந்த பந்து ஒன்று பிடிபடாமல் தரையில் விழுந்து கடிகாரம் நின்றது. மீதி இரண்டு நொடி. கோடு நாற்பது கஜத்துக்கு அப்பால். ஒரே ஒரு வாய்ப்பு.

தலைக்கவசத்துக்குள் சின்ன ஒலிபெருக்கி உண்டு. அதில் கோச் பேசுவார், குவார்ட்டர்பேக் கேட்பான். பதில் சொல்ல வழி கிடையாது. கல்யாணமானவனுக்கு அது பழகிய ஏற்பாடுதான் என்பான் பீட்.

"பந்தை எறி," என்றது ஹால்வர்சனின் குரல். "கோட்டுக்கு எறி. சாமியை வேண்டிக்கிட்டு எறி."

ரைலன் பீட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்தான். காலைத் தூக்க வேண்டும் என்பது பதற்றத்தில் மறந்துபோனது. பழக்கதோஷத்தில் பாதத்தை அகட்டி ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. வாயை மூடவும் தோன்றவில்லை, அப்படியே நின்றான்.

எதிரில் பெல்மாண்ட் கற்கள் காத்திருந்தன. எந்தக் குரலுக்கும் அசையாமல் இருக்கப் பழகியவர்கள். குரல் வந்தால்தானே அசையாமல் இருக்க முடியும்? டோரன்ஸ் மக்வே காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டினான். பக்கத்திலிருந்தவன் அவனைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீட்டினான். அரங்கத்தில் எழுபதாயிரம் பேரும் முன்னால் சாய்ந்தார்கள். சாய்ந்த சாய்வில் டோரன்ஸின் சமநிலை போய், மரம் சாய்வதுபோல் வந்து பீட்டின் காலடியில் விழுந்தான்.

விசில். ஐந்து கஜம். பந்து நகரவில்லை, கடிகாரமும் நகரவில்லை. நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் போக வேண்டும் என்பது விதி; அதில் நான்கு கஜம் பாக்கியிருந்த இடத்தில் ஐந்து கிடைத்ததால் வாய்ப்புகளும் புதிதாகக் கிடைத்தன.

பீட் கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்தான்.

"டேய் ரேடியோ. இதே மாதிரி இன்னொரு தடவை ஒண்ணும் சொல்லாத."

"எறி," என்றது தலைக்கவசம்.

வாழ்நாளில் முதல்முறையாக ரைலன் சொன்னதைச் செய்யவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றான். இந்த முறை தெரிந்தே நின்றான். ஓட்டைக்கு மேல் நிற்கிறவனைப்போல, எந்த மீன் எப்போது தாங்காது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு. விசில். ஐந்து கஜம். "எறிடா." விசில். ஐந்து கஜம். பெல்மாண்ட் கோச் ஓரத்திலிருந்து "அசையாதீங்கடா" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை பாய்ந்தார்கள்.

பத்து கஜத்துக்குள் வந்ததும் விதி மாறுகிறது. அதற்குமேல் முழு ஐந்து கஜம் கிடையாது. மீதித் தூரத்தில் பாதிதான். பாதி போனது. அதில் பாதி. அதிலும் பாதி. பந்து கோட்டை நெருங்க நெருங்க, நெருங்குவது குறைந்துகொண்டே வந்தது. நடுவர் முதலில் சங்கிலி வைத்து அளந்தார், பிறகு கை விரலால், பிறகு வாகன நிறுத்தத்திலிருந்து மெல்லிசாகச் சீவிய சீஸ் துண்டு ஒன்றை வரவழைத்து அளந்தார். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே சீஸ் நுழைந்தது, கொஞ்சம் கஷ்டப்பட்டு. இன்னும் நாள் முழுக்க பெல்மாண்ட் பாய்ந்தாலும் மீதியில் பாதி மீதி இருந்துகொண்டே இருக்கும் என்பது அப்போதுதான் ரைலனுக்கு உறைத்தது. மௌனத்தால் கோடுவரைக்கும்தான் வர முடியும். தாண்டுகிறவன் தானே தாண்ட வேண்டும்.

"இப்பவாவது எறி," என்று கிட்டத்தட்டக் கெஞ்சியது தலைக்கவசம்.

எதிரில் பெல்மாண்ட்காரர்கள் கடைசியில் பாடம் படித்திருந்தார்கள். பல்லைக் கடித்து, கண்ணை மூடி, விரலைத் தரைக்குள் நட்டு நின்றார்கள். சத்தம் வந்தாலும் அசைவதில்லை, வராவிட்டாலும் அசைவதில்லை. ரைலன் ஒரு விரலால் பீட்டின் இடுப்பைத் தொட்டான். பந்து கைக்கு வந்தது. பீட் எழவில்லை, யாரும் எழவில்லை. ரைலன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப்போல பீட்டின் முதுகுமேல் முன்னால் சாய்ந்தான். கோட்டைத் தாண்டிக் கிடந்தது பந்து. ஸ்டர்ஜன்ஸ் ஜெயித்து எல்லாரும் உள்ளே போன பிறகும், டோரன்ஸ் மக்வேயும் இரண்டு பேரும் அசையாமல் குனிந்தே நின்றார்கள். மைதானத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள்தான் சொல்லி அனுப்பினார்கள்.

உடைமாற்றும் அறையில் ஹால்வர்சன் ரைலனின் முன்னால் வந்து நின்றார்.

"எறின்னு சொன்னேனே."

ரைலன் தலையாட்டினான்.

"காதுல விழுந்துச்சா?"

விழுந்தது என்று தலையாட்டினான்.

"எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லன்னு முடிவே பண்ணிட்ட."

ரைலன் கொஞ்சம் யோசித்து, அதற்கும் தலையாட்டினான்.

கோச் பீட் பக்கம் திரும்பினார். "பீட், மேல போயி அந்த ஃப்ளோரிடாக்காரனை ஏர்போர்ட்ல விட்டுட்டு வா. இவன் குவார்ட்டர்பேக் ஆயிட்டான்." அப்போது அவர் முகத்தில் ஏதோ ஒன்று நடந்தது. அது சிரிப்புதான் என்று அவர் மனைவி பின்னால் உறுதிப்படுத்தினார்.

பீட் மேலே போனபோது ஃப்ளோரிடாக்காரன் இருக்கையோடு உறைந்திருந்தான். இருக்கையோடு சேர்த்தே விமானத்தில் ஏற்றினார்கள், ஜன்னலோர இடம். ரைலன் அதற்குப்பின் நம் அணியில் பதினொரு வருடம் ஆடினான். செவ்வாய்க்கிழமைகளில் யாராவது தேடினால் ஏரியில் போய்ப் பார்க்கச் சொல்வார்கள்.

பானைமேல் கைவைத்துவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தக் குளிர்காலத்தில் லார்சன்போர்ட் ஏரி ஒருநாள்கூட உறையவில்லை.